செவிவழி வந்த மெய்ப்பொருள்

நுழையும்முன்

தமிழைக் கேட்டும் பேசியும் வளர்ந்து, தமிழ் நூல்களைப் படித்துப் பழகாதவர் பலர். அரிய கருத்துகள் அவர்களுக்கு எட்டாதவை ஆகிவிடுமா? திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி. 42ஆம் அதிகாரம் கேள்வி. இங்குக் கேள்வி என்பது சான்றோர் கூறுவதைச் செவியால் கேட்டறிதலைக் குறிக்கும். நூல்களைக் கல்லாதவரும் கேட்டறிந்து பயன்பெறலாம் என்பது வள்ளுவர் கருத்து. அக்கேள்விச் செல்வத்தை வானொலி வழியே வழங்கிய ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

சில நிமிடப் பேச்சு

தென்கச்சி கோ. சுவாமிநாதன், இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள தென்கச்சிப் பெருமாள்நத்தம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். வேளாண்மை பயின்ற அவர், அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையத்தில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னை நிலையத்திற்கு வந்தார். அங்கு அவர் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ என்னும் நிகழ்ச்சி 14 ஆண்டுகள் காலைதோறும் ஒலித்தது. அவர் 2009ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய பேச்சுகள் நூல் தொகுதிகளாகவும் வெளிவந்துள்ளன.

காலை நேரத்தில் வானொலி கேட்பவர் பிற வேலைகளை நிறுத்திவிட்டு அமர்ந்திருப்பதில்லை. ஒருவர் சமைத்துக்கொண்டிருப்பார்; ஒருவர் கடையைத் திறந்துகொண்டிருப்பார்; மாணவர் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். நூலில் ஒரு வரி விளங்காவிடில் மீண்டும் படிக்கலாம். வானொலியில் சென்ற சொல் சென்றதுதான். கேட்பவருக்கு விளங்கியதா என முகம் பார்த்து அறியவும் பேசுபவரால் இயலாது.

இத்தடைகளை அறிந்து தென்கச்சியார் பேசினார். ஒரு பேச்சுக்கு ஒரு கருத்து. சிறு சிறு வாக்கியங்கள். விரைவில்லாத இயல்பான குரல். சினம், ஆசை, அச்சம், நிறைவு முதலியவற்றைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனைகளை அன்றாட வாழ்வில் காணும் மனிதர்களைக் கொண்டே விளக்கினார். இறுதியில் ஒரு நகைச்சுவைக் கதை வரும். கேட்டவர் சிரிப்பர், அவர் குரலோ சிரிக்காது. சிரித்து முடித்தபின் கதையின் பொருளைக் கேட்டவரே எண்ணிப் பார்ப்பர்.

தீவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஒருவருடைய நோக்கில் அவற்றுள் சிலவே புலப்படும். சமண மெய்யியல் இக்கருத்தினை அநேகாந்தவாதம் என்னும் பெயரால் வழங்குகிறது. பெயரை முதலில் கூறினால் கேட்பவர் மிரள்வர். அந்தமான் மக்களுக்கு அதனைப் பின்வருமாறு கூறலாம்:

“ஹேடோ துறையிலிருந்து சென்னைக்குக் கப்பல் புறப்படுகிறது. மேல்தளத்தில் நிற்கும் சிறுமி, ‘தீவு விலகிப் போகிறதே!’ என்கிறாள். கரையில் நிற்கும் அவள் தம்பியோ, கப்பல் விலகிப் போவதாகக் கருதுகிறான். அருகில் நிற்கும் பாட்டி, ‘இன்னும் மூன்று நாளில் ஊருக்குப் போய்விடலாம்’ என்று மகிழ்கிறார். ‘ஊரை விட்டுப் போகிறோமே, பாட்டி!’ என்று சிறுமி வருந்துகிறாள். பாட்டிக்கு ஊர் என்பது தமிழகத்துச் சிற்றூர். சிறுமிக்கு ஊர் என்பது தான் பிறந்த தீவு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இருவரும் பொய் கூறவில்லை.

நடுக்கடலில் பயணி ஒருவர் கப்பல் பணியாளரிடம், ‘ஐயா, இங்கிருந்து தரை எவ்வளவு தொலைவு?’ என்று கேட்டார். ‘மூன்று கிலோமீட்டர்தான்’ என்றார் பணியாளர். ‘எந்தத் திசையில்?’ ‘நேர் கீழே!’”

எளிமையும் ஆழமும்

இக்கதையைக் கேட்டவர், ‘அப்படியாயின் யார் எது கூறினாலும் உண்மையாகிவிடுமா?’ என்று வினவலாம். ஆகாது. கப்பலுக்கும் தீவுக்கும் இடையிலுள்ள தொலைவு மாறவேயில்லை என்று ஒருவர் கூறினால் அது பிழை. பல நோக்குகள் உண்டு என்பதால் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. இவ்வேறுபாட்டை முழுமையாக ஆராயச் சில நிமிடம் போதாது. அதற்கு நூல்களும் ஆசிரியரும் வேண்டும். எனினும் அவ்வினாவைக் கேட்பவர் உள்ளத்தில் எழுப்பிவிட்டால் சிறு பேச்சு தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

எளிமையாகக் கூறுவதற்கு ஆழ்ந்து கற்றிருக்க வேண்டும். கருத்தைத் தானே தெளியாதவர் கடுஞ்சொற்களின் பின்னே மறைந்துகொள்ளலாம். சமையற்கட்டில் கேட்பவருக்குப் புரியும்படி அவரால் கூற இயலாது.

சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது ஸ்ரீ விஜயபுரம். போர்ட் பிளேயர் என முன்னர் வழங்கிய இந்நகரின் வானொலி நிலையம், பல மொழிகளுடன் தமிழிலும் ஒலிபரப்புகிறது. இன்று கைப்பேசியிலேயே ஒருவர் தம் குரலைப் பதிவுசெய்து தொலைவிலுள்ளோர்க்கு அனுப்பலாம். கருவி எளிதாகிவிட்டது. பேசுவதற்கு முன் கற்பதும், கேட்பவர் யார் என எண்ணிப் பார்ப்பதும் இன்றும் வேண்டும்.

சொல்லும் பொருளும்

கேள்வி – கேட்டறிதல்
மெய்ப்பொருள் – உண்மைப் பொருள்
மெய்யியல் – உண்மையை ஆராயும் துறை
நோக்கு – பார்வை
மிரள்வர் – அஞ்சுவர்

மதிப்பீடு

1. திருக்குறளில் ‘கேள்வி’ என்னும் சொல் எப்பொருளில் வருகிறது?
2. நூலாசிரியருக்கு இல்லாத எத்தடைகள் வானொலியில் பேசுபவருக்கு உண்டு?
3. பயணியும் பணியாளரும் ‘தரை’ என்னும் சொல்லை எவ்வெப் பொருளில் வழங்கினர்?
4. ‘பல நோக்குகள் உண்டு, ஆயினும் பிழையும் உண்டு.’ உம் பள்ளி வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

கற்பவை கற்றபின்

‘ஊர்’ என்னும் சொல் எதனைக் குறிக்கிறது என்று வீட்டிலுள்ள பெரியவர் இருவரிடம் கேட்டு எழுதுக. அவற்றுடன் உம் கருத்தையும் சேர்த்து மூன்று நிமிடப் பேச்சாக அமைத்து வகுப்பில் வழங்குக.