கடலடி வெப்பமும் நண்டும்

தெப்ராவ் நீரிணைக் கரையோரம் வாழும் ஒராங் செலேத்தார் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக நண்டு பிடித்து வருகின்றனர். நண்டுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. கடலடி நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், பசியும் கூடும்.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் இதன் விளைவு தெரிந்தது. அங்குள்ள பனி நண்டின் குஞ்சுகள் 2 பாகை செல்சியசுக்கும் குறைவான கடலடி நீரில் வளர்பவை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் அக்குளிர்ப்பரப்பு வெகுவாகச் சுருங்கியது. நீரின் வெப்பம் 0 பாகையிலிருந்து 3 பாகைக்கு உயர்ந்தாலே பனி நண்டுக்கு ஏறக்குறைய இருமடங்கு உணவு தேவை. இரை போதாமல் ஆயிரம் கோடி நண்டுகள் மறைந்தன. 2022இல் பனி நண்டுப் பிடிப்பே முதன்முறையாக நிறுத்தப்பட்டது.

தெப்ராவ் நண்டுகள் வெப்பத்திற்குப் பழகியவைதாம். ஆயினும், கற்களைக் கொட்டி அமைத்து 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் நீரோட்டத்தை மறிக்கிறது. தேங்கிய ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். சூடான நீரில் உயிர்வளியும் குறையும். கண்டல் மரங்கள் அழிக்கப்பட்ட கரையில் நண்டு வளைக்கு நிழலும் கிடைப்பதில்லை.