கால் விளங்காத பூனைக்குட்டி: இரக்கத்தோடு கணக்கும் வேணும்



பின்னங்கால் விளங்காத பூனைக்குட்டி ஒன்று வாசலில் வந்து கத்தினால் மனசு கேட்காது. எடுத்து வளர்ப்பது நல்ல காரியந்தான். ஆனால் பூனை 15 வருடம்கூட உயிரோடு இருக்கும். அதனால் வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள்.

முதலில் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அடிபட்டதா, பிறவிக் குறையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

கவனிக்க வேண்டியவை:

1. சில குட்டிகளுக்குத் தானாக மூத்திரம் போகாது. அடிவயிற்றை இதமாக அமுக்கி எடுக்கணும். டாக்டரிடம் நேரில் பார்த்துப் பழகுங்கள்.

2. தரையில் இழுத்து இழுத்துப் புண்ணாகும். பழைய சேலையை மடித்துப் போட்டு, தினமும் மாற்றுங்கள்.

3. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கொடுக்கவே கூடாது.

4. மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

செலவுக்கு என்ன வழி? வாரம் 20 ரூபாய் தனி உண்டியலில் போட்டால் 52 வாரத்தில் 1,040 ரூபாய் சேரும். ஊசிக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் கை கொடுக்கும். அவசரம் என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள், கந்துவட்டிக்குப் போகாதீர்கள். "பூனைக்கா கடன்?" என்று குழுவில் யாரும் சிரிக்க வேண்டாம். திருப்பிக் கட்ட வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூட்டத்தில் பேச: நீங்கள் வெளியூர் போனால் குட்டியை யார் பார்ப்பார்கள்?