தயங்கித் திரும்பும் பொருள்

கோலா தெர்லா தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். மாலையில் நன்றாக இருட்டிய பின்னரே ஒவ்வொரு வீட்டிலும் விளக்கை ஏற்றுவர். காலையில் நன்றாக விடிந்த பின்னரே அணைப்பர். அதனால், வெளிச்சம் ஒரே அளவில் இருந்தாலும் மாலையைவிடக் காலையில் எரியும் விளக்குகளே அதிகம்.

ஃபெர்ரோமின் பொருள்களின் இயல்பும் இத்தகையதே. மின்புலத்தைத் திருப்பினால் அவற்றின் முனைவாக்கமும் திசை மாறும்; ஆனால், உடனே மாறாமல் பின்தங்கி மாறும். இதுவே ‘தயக்கம்’ எனப்படும். மின்புலத்தை நிறுத்தினாலும் முனைவாக்கம் மறைவதில்லை. ஜோசப் வாலசெக் 1920இல் ரோஷெல் உப்பில் இப்பண்பைக் கண்டறிந்தார்.

1935இல் ஃபெரென்ஸ் பிரைசாக் காந்தங்களின் தயக்கத்தை விளக்க ஒரு மாதிரியை அமைத்தார். அதில் ஒரு பொருள் பல சிறு சுவிட்சுகளின் தொகுப்பாகும். ஒவ்வொரு சுவிட்சும் ஓர் அளவில் திரும்பும். வேறோர் அளவில் மீளும். அவற்றின் கூட்டுத்தொகையே தயக்க வளையம். பின்னர், இம்மாதிரி ஃபெர்ரோமின் பொருள்களுக்கும் பயன்பட்டது.

மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத நினைவகச் சில்லுகள் இப்பண்பால் இயங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராமமூர்த்தி ரமேஷ் இத்துறையின் முன்னணி ஆய்வாளருள் ஒருவர். மின்னழுத்தம் குறைந்தால் தகவல் பதியாது. மிகுந்தால் ஆற்றல் வீணாகும். தேவையான அளவை முன்கூட்டியே கணிக்க மாதிரியே துணைபுரிகிறது.