காசநோய்க் கிருமி உடலுக்குள் என்ன செய்கிறது?



வீட்டில் ஒருவருக்குக் காசநோய் (டி.பி.) என்று தெரிந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்குவது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நோயாளி செய்வது, மாத்திரையை நிறுத்துவது. இரண்டுமே தவறு. அந்தக் கிருமி நம் உடலுக்குள் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

காற்றில் வரும் கிருமி

காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளோடு கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கும். அதைச் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது.

தட்டு, டம்ளர், துணிமணி, முஸாபஹா இவற்றால் காசநோய் பரவாது. கொடைரோடு ஸ்டேஷனில் திறந்த பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்பவரைவிட, ஜன்னல் சாத்திய ஒரே அறையில் நோயாளியுடன் மாதக்கணக்கில் படுத்துறங்கும் குடும்பத்தாருக்கே ஆபத்து அதிகம். பாத்திரத்தைப் பிரிப்பதை விட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காவலருக்குள்ளேயே குடியிருப்பு

எல்லாக் கிருமிகளும் ஒரே விதமாக நோய் உண்டாக்குவதில்லை. காலராக் கிருமி குடலில் ஒரு நச்சைச் சுரக்கிறது. உடலின் நீரெல்லாம் வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. இதை 1959-இல் கண்டு சொன்னவர் கல்கத்தா மருத்துவர் சம்புநாத் தே. காசநோய்க் கிருமியின் வழி வேறு.

நுரையீரலுக்குள் கிருமி நுழைந்ததும் நம் உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்கும். மற்றக் கிருமிகளானால் அங்கேயே செரித்துவிடும். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த உறை உண்டு. அது செரிக்காமல் காவல் அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. உடனே மற்ற அணுக்கள் திரண்டு வந்து சுற்றிலும் சுவர்போல் சூழ்கின்றன. உள்ளே கிருமி சாகாமல் உறங்கிக் கிடக்கிறது.

இப்படித் தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுதும் நோய் வருவதில்லை. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், புகை, மது, எச்.ஐ.வி. ஆகியவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அந்தச் சுவர் உடைகிறது. கிருமிக்கும் உடலுக்கும் நடக்கும் அந்த நெடும்போரில் நுரையீரல் சிதைந்து ஓட்டை விழுகிறது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம் எல்லாம் அதன் விளைவே.

ஏன் ஆறு மாதம்?

வேறு பல பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மருந்து, பெருகும் கிருமிகளை விரைவில் கொல்லும். உறங்கும் கிருமிகளைக் கொல்ல நாளாகும். அதனால்தான் வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் தருகிறார்கள். இருமல் நின்றதற்குப் பெரும்பாலான கிருமிகள் செத்தன என்றுதான் பொருள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம்.

ரமளானில் நோன்புக்காக மாத்திரையை விடாதீர்கள். நோயாளிக்கு நோன்பைப் பிறகு களாச் செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னை தந்த பாடம்

முன்பு காசநோயாளிகளைக் குடும்பத்தைப் பிரித்து சானடோரியத்தில் வைப்பார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும், மறு பிரிவுக்கு வீட்டிலேயும் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது. நெருக்கடியான ஏழை வீடுகளிலும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைத்தது. வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைவதே காரணம். உலகம் முழுதும் இன்று வீட்டிலேயே சிகிச்சை தரும் முறைக்கு இது வழி திறந்தது.

சோறும் ஒரு தடுப்பு

ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நோயாளியோடு அவர் குடும்பத்தார் அனைவருக்கும் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்த வீடுகளில், புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது. அப்படியென்றால் ஜகாத், சதகா பணத்தில் ஏழை நோயாளியின் வீட்டுக்கு நாம் கொடுக்கும் அரிசியும் பருப்பும் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் காக்கும் தடுப்பாகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

2. நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் உண்டு.

3. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. கேட்டுப் பெறுங்கள்.

4. பக்கத்து வீட்டில் ஒருவர் மாத்திரை சாப்பிடுவது தெரிந்தால் ஒதுங்காதீர்கள். இன்றைய மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று அன்போடு கேளுங்கள். ஆறு மாதமும் அப்படிக் கேட்க ஓர் ஆள் இருந்தால், இன்ஷா அல்லாஹ், அவர் பாதியில் விடமாட்டார்.