அப்புத்தளைக்கு எப்போது மழைக்காலம்?

இலங்கையின் மழைக்காலங்களை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் முதலாவது இடைப்பருவ மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் இரண்டாவது இடைப்பருவ மழை. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. பரீட்சைக்கு இது போதும். அப்புத்தளையில் குடியிருக்க இது போதாது. ஜூன் மாதத்தில் மலையகத்தில் கடும் மழை என்று ரேடியோ சொல்லும்போது நம்ம டவுன் கடைவீதியில் தூசிதானே பறக்கிறது!

இந்த வித்தியாசத்தை ரயிலிலேயே பார்க்கலாம். ஜூலை மாதம் அட்டன் பக்கமிருந்து வருகிறவர்கள் நனைந்த சட்டையோடு ஏறுவார்கள். கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேலே உள்ள பட்டிப்பொல நிலையம் வரை மழையும் மூட்டமும் கூடவே வரும். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். வெளியே வந்து ஒகிய பக்கம் திரும்பினால் பல நாட்களில் நல்ல வெயில். மேற்குக் கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று அட்டன், நுவரெலியா மலைகளில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டி நம்ம பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்று. பெரியவங்க அதைத்தான் கச்சான் காத்து என்கிறார்கள்.

கச்சான் வந்தால் டவுனின் முகமே மாறிவிடும். கடைக்காரர்கள் பாதிக் கதவை மூடி வைத்து வியாபாரம் செய்வார்கள். தொங்கக் காம்பராவில் இருப்பவர்கள் கூரைத் தகரத்துக்கு மேல் கல் ஏற்றுவார்கள். பீலித் தண்ணீர் நூலாக வடியும். மானாப்புல் காய்ந்து கிடப்பதால் ஒரு பீடித்துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதும் இந்தக் காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை செடி தண்ணீருக்குத் தவிக்கிறது. கொழுந்து மெதுவாக வளர்கிறது. அப்போது இலைக்குள் வாசனைப் பொருட்கள் கூடுகின்றன. அதில் முக்கியமான ஒன்று மெதைல் சாலிசிலேட். உடம்பு வலிக்குத் தேய்க்கிற தைலங்களில் மணப்பதும் இதே பொருள்தான். ஏலத்தில் நல்ல விலை கிடைக்கிற காலம் இது. கொழுந்து குறைந்து, கூடையில் கிலோ எட்டாமல் நம்ம பெண்கள் தவிக்கிற காலமும் இதுதான். தேயிலையின் ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை ஏனோ எழுதுவதில்லை.

பெப்ரவரி, மார்ச் காலைகள் தனி அழகு. தெற்கு விளிம்பில் நின்றால் கீழ்நாட்டுச் சமவெளி விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த நாளில் கடல் வரைக்கும் தெரியும். பகல் ஏற ஏற மூட்டம் மேலே வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மற்றப் பக்கத்தார் மழை விட்டது என்று மூச்சு விடும்போதுதான் நமக்கு மழைக்காலம் ஆரம்பம். பகலுக்குப் பிறகு இடியோடு கொட்டும். அப்புறம் வடகீழ்க் காற்று நாள் கணக்கில் தூறலைக் கொண்டு வரும். மண்ணுக்குக் காயவே நேரம் கிடைக்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்தப் பருவத்தில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். போய்க் குடியிருக்க வேறு வீடுதான் தயாராக இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை இறங்கியது.

மலை பெரும்பாலும் சொல்லாமல் இறங்குவதில்லை. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழும். நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகும். மரங்கள் ஒரு பக்கமாகச் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று வரும், அல்லது ஓடிய ஊற்று திடீரென்று நிற்கும், கலங்கும். இதைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் முதலில் வெளியேற்றுங்கள். கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழையை நாமே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமான பால்மா டின் ஒன்றை மூடியில்லாமல், மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் நேராக வையுங்கள். 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரை அளந்து ஊற்றிவிடுங்கள். 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் என்றால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் மூட்டை கட்டி வையுங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து. 150 என்றால் அந்த லயத்தில் இரவு தங்கக்கூடாது. டின் நிறையாவிட்டாலும் வெடிப்பு தெரிந்தால் வெளியேறத்தான் வேண்டும். அடிமட்டத்தில் பூச்சியம் தொடங்கும் முன் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.