மானியம் எதோடு கட்டியிருக்கு?

"அமெரிக்காவுல விவசாயிக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்குது" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். கொடுப்பது உண்மைதான். யாருக்கு, எதற்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம். இந்த முறை அங்குள்ள பழத்தோப்பையும் மேய்ச்சல் பண்ணையையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மற்ற பயிர்களைப் பார்த்துவிடுவோம். மக்காச்சோளம், சோயா, கோதுமை, நெல், நிலக்கடலை போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே ஒரு ஆதார விலை உண்டு. சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்துக்கு அரசு பணம் தரும். அந்த நிலத்தின் பேரில் முன்பே பதிவான பரப்பை வைத்துத்தான் கணக்கு. ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் இந்த ஆதார விலை கிடையாது. 2014 சட்டப்படி, பதிவான பரப்பில் 15 சதவீதத்துக்கு மேல் பழமோ காய்கறியோ வைத்தால், கூடுதலாக வைத்த அளவுக்குப் பணம் குறையும். மக்காச்சோளக் காட்டில் பாதியைத் தோப்பாக்க நினைப்பவர் கை தயங்குமா தயங்காதா?

தோப்புக்காரருக்கு என்ன இருக்கு? காப்பீட்டுப் பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. அதோடு மர உதவித் திட்டம். புயல், உறைபனி போன்ற பேரிடரில் மரம் செத்தால் மறுநடவுக்குப் பணம். 2025 வரை, இயல்பாகச் சாகிற மரங்களைக் கழித்தபின், இழப்பு 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. 2018 சட்டப்படி, தாண்டிய பகுதிக்கு மறுநடவுச் செலவில் 65 சதவீதம் கிடைத்தது. அப்போது 100 மரத்தில் பேரிடரால் 40 போச்சுன்னா, 25 மரத்துக்குக் கணக்கு. புதுக்கன்று காய்க்கும்வரை வருமானம் இல்லாத வருடங்களுக்கு இந்தத் திட்டத்தில் பணம் இல்லை.

மேய்ச்சல் பண்ணைக்கு வறட்சிதான் அளவுகோல். வாரம்தோறும் அரசு அமைப்புகளும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து வறட்சி வரைபடம் வெளியிடுகின்றன. 2014 சட்டப்படி, 2025 வரை, மேய்ச்சல் பருவத்தில் ஒரு மாவட்டம் தொடர்ந்து 8 வாரம் கடும் வறட்சியில் இருந்தால், ஒரு மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம் கிடைத்தது. வறட்சி இன்னும் முற்றினால் கூடுதல் மாதங்களுக்குக் கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: மாட்டுக் கணக்கு, நிலம் தாங்கும் கணக்கு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பணம். புல் தாங்காத அளவுக்கு மாட்டை ஏற்றி வைத்தால் அதற்காகக் கூடுதல் பணம் வராது.

ஆக, ஒரே நாட்டில் மூன்று விதம். ஒன்று விலையோடு கட்டியது, ஒன்று சாவோடு கட்டியது, ஒன்று மழையோடும் நிலத்தோடும் கட்டியது. எதோடு கட்டினார்களோ அந்தப் பக்கம்தான் உழவர் இழுக்கப்படுவார்.

இங்கே பாருங்கள். யூரியா மானியம் மூட்டையோடு கட்டியது. அரசு அதைக் கம்பெனிக்குத் தருகிறது. மூட்டையே வாங்காத நமக்கு அதில் ஒரு பைசா இல்லை. மண்ணைக் கெடுக்காததற்குக் கூலி இல்லாததோடு, கெடுப்பவருக்குச் செலவும் குறைகிறது. பிரதமர் கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். அது நிலப்பத்திரத்தோடு கட்டியது. குத்தகைக்கு உழுபவர் வெளியே நிற்கிறார்.

எனவே எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. பணம் எதோடு கட்டியிருக்கு? பயிரா, இடுபொருளா, நிலமா, செய்யும் வேலையா?

2. பணம் யார் கைக்குப் போகுது? நமக்கா, விற்பவருக்கா?

3. அடுத்த வருடம் அது நின்றால், நான் மாற்றிய பயிரும் வாங்கிய பொருளும் என் கையை விட்டுத் தனியாக நிற்குமா?

மூடாக்கு, வரப்பு மரம், நாட்டுமாடு, மேய்ச்சல் நிலம் என்று செய்யும் வேலைக்குப் பணம் கேட்பதுதான் நம் கோரிக்கையாக இருக்கணும். அடுத்த கிராமசபையில் இதையே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.