பெயருக்கும் உண்டு வில்லங்கச் சான்று

வேங்கிக்கால்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கதிருக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். எட்டு வார வகுப்பு, 25,000 ரூபாய் கட்டணம், முடித்தால் டொமைன் பெயர்களை வாங்கி விற்றே மாதச் சம்பளம் பார்க்கலாமாம். பணத்துக்கு உன் அம்மாவிடம் போய் நிற்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டாயே, சந்தோஷம். இந்த வியாபாரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதுதானே உன் கேள்வி? ஒரு பகுதியை முடியும். அதற்கு இரண்டு சாயங்காலம் போதும், காசும் வேண்டாம். மீதியை எந்த வகுப்பிலும் தரமுடியாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்தச் சுலபமான பகுதி. டொமைனை ‘வாங்கினேன்’ என்று சொல்கிறோமே தவிர, அது குத்தகைதான். 1995 வரை .காம் பெயர்கள் சும்மாவே கிடைத்தன. அந்த வருஷம்தான் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. இன்றைக்கும் வருஷக் கணக்கில்தான் எடுக்க வேண்டும், அதிகபட்சம் பத்து வருஷம். ரினீவல் கட்ட மறந்தால், பெயரைப் பதிவு செய்து தரும் கம்பெனியான ரெஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம். அதுவும் போனால் 5 நாளில் பெயர் பொதுவில் விழும். விழுகிற பெயரைப் பிடிப்பதற்கென்றே கம்பெனிகள் வலை விரித்து உட்கார்ந்திருக்கின்றன.

குத்தகையின் பிடி எவ்வளவு மெல்லியது என்பதை நம் ஊர்ப்பக்கத்து மென்பொருள் கம்பெனி ஜோஹோவே அனுபவித்தது. 2018 செப்டம்பரில், ஃபிஷிங் புகார்கள் வந்ததாகச் சொல்லி ஜோஹோ.காம் பெயரையே அதன் ரெஜிஸ்ட்ரார் முடக்கிவிட்டது. மெயிலை நம்பி இருந்த வாடிக்கையாளர்கள் திண்டாடினார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் எல்லோர் முன்னாலும் உதவி கேட்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை.

அடுத்தது வில்லங்கம். வில்லங்கச் சான்று எடுக்காமல் மனைக்கு யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா? டொமைனுக்கு வில்லங்கம் டிரேட்மார்க். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999-ல் ‘சிஃபி’ என்ற சொல்லை வைத்துப் பல பெயர்களைப் பதிவு செய்திருந்தது. 2001-ல் இன்னொரு நிறுவனம் ஓர் ஆங்கில ‘எஃப்’ எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து ‘சிஃபிநெட்’ என்று பெயர் எடுத்தது. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை போட்டது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் பெயரில் இன்னொருவர் சரக்கு விற்பதைத் தடுக்கும் டிரேட்மார்க் நெறி இதற்கும் பொருந்தும் என்பதுதான் அதன் சாரம். .இன் பெயர் என்றால் கோர்ட்டுக்குப் போகாமலே, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் நடுவர் அதை உன்னிடமிருந்து எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடலாம்.

வகுப்பில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இனி கஷ்டமான பகுதி: யாருக்கு எது தேவை என்று பார்க்கும் கண். 1989-ல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்து, ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலுக்கு வந்து, வேலூர் சாலை நெடுக மனைக் கற்கள் முளைத்த கதை உனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு புரோக்கர் இருக்கிறார். அவர் மனையைப் பற்றி வாயே திறக்கமாட்டார், வந்தவரைப் பற்றித்தான் கேட்பார். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா என்று கேட்கிற ஆந்திராக்காரருக்கு ஒரு மனை. அலுவலகத்துக்கு நடந்தே போகணும் என்கிற குமாஸ்தாவுக்கு வேறொரு மனை. அவருக்கு யார் பாடம் நடத்தினார்கள்?

நானும் அந்தக் கண் இருப்பதாக நினைத்துக்கொண்டு பதினோரு பெயர் எடுத்தவன்தான். கிரிவலம், தீபம், மலை என்று என் காதுக்கு இனித்த சொற்கள். ஆறு வருஷம் ரினீவல் கட்டினேன். ஒன்றே ஒன்று விற்றது, ஒரு லாட்ஜ்காரருக்கு, 8,000 ரூபாய்க்கு. போனில் தன் தளத்தின் நீளமான பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார் அவர். அந்த அலுப்புதான் 8,000 ரூபாய். மற்ற பத்துப் பெயர்களும் எனக்குப் பிடித்தவை, வேறு யாருக்கும் தேவைப்படாதவை. எழுத்துக்கூட்டலும் ஒரு தலைவலி. திருவண்ணாமலையை ஆங்கிலத்தில் ஒருவர் ‘எச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் போடாமல் எழுதுவார். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் பாதி வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போகும். .இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே பெயர் எடுக்கலாம், எனக்கும் ஆசைதான்; ஆனால் விற்பதற்காக எடுக்காதே.

கண் மட்டும் இருந்தாலும் போதாது. டெல்லியில் ஒரு மென்பொருள் இளைஞர், சாவன் என்ற பாட்டு ஆப் ஒருநாள் ஜியோசாவன் ஆனதைக் கவனித்து, வீடியோ ஆப்பான ஹாட்ஸ்டாரும் அப்படி ஆகும் என்று ஊகித்து ஜியோஹாட்ஸ்டார்.காம் பெயரை 2023-லேயே எடுத்து வைத்தார். ஊகம் அப்படியே பலித்தது. 2024 அக்டோபரில் தன் கேம்பிரிட்ஜ் படிப்புக்காக 93,345 பவுண்டு கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் பெயர் கைமாறிப் போனது. என்ன கண் பார் அவருக்கு! ஆனால் அந்தப் பெயரின் இரண்டு பாதியும் அடுத்தவருடைய டிரேட்மார்க். முன்பகுதியில் நான் சொன்ன வில்லங்கம்தான் அது.

விளம்பரத்தில் வாய்ஸ்.காம் 2019-ல் 3 கோடி டாலருக்கு விற்றதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விற்பனை உண்மைதான். விற்றது பல வருஷம் அந்தப் பெயரைக் கையில் வைத்திருந்த மைக்ரோஸ்ட்ராட்டஜி என்ற கம்பெனி. வாங்கியவர்கள் ‘வாய்ஸ்’ என்ற பெயரிலேயே சமூக வலைத்தளம் தொடங்க இருந்தவர்கள். அப்படி ஓர் ஆள் எதிரே வந்து நிற்பதை எட்டாவது வாரப் பாடத்தில் எப்படி வைப்பார்கள்? வகுப்பெடுப்பவரிடம் ஒன்று கேட்டுப் பார்: போன வருஷம் அவருக்குப் பெயர் விற்று வந்த பணம் அதிகமா, ஃபீஸாக வந்த பணம் அதிகமா?

25,000 ரூபாயைத் தொடாதே. ஒரு ஞாயிறு காலையில் இங்கே வா. பௌர்ணமியில் வேண்டாம், கூட்டத்தில் பலகைகள் தெரியாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் நடப்போம். லாட்ஜ், மெஸ், யோகா நிலையம், டிராவல்ஸ் என்று எதன் பலகையில் வெறும் போன் நம்பர் இருக்கிறது, எதில் ஜிமெயில் இருக்கிறது, எதில் வாயில் நுழையாத தளப்பெயர் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வா. நடுவில் நின்று இரண்டு கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடு. ஒரு பெயரும் பதிவு செய்யாமல் இதைச் செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. வரும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா, புதுசு கடிக்கும். அத்தை கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா